மண்சாமி பூங்காவின் குட்டைச் சுவர்

தைப்பே நகரத்தில் முர்னியாத்தி முதன்முதலாகத் தனக்கென்று பிடித்துக்கொண்ட இடம், குப்பை வண்டி வந்து நிற்கும் தெருமுனை. ஊரில் கேட்பவர்களிடம் அதைச் சொல்ல முடியாது. கிழக்கு ஜாவாவிலிருந்து கடல் தாண்டி வேலைக்குப் போனவளிடம், அங்கே உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால், வானத்தைத் தொடும் கோபுரத்தைச் சொல்ல வேண்டும். அது பின்னால் தெரிய நின்று படம் அனுப்ப வேண்டும். முர்னி அந்தக் கோபுரத்தைச் சமையலறைச் சன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாள். அதுவும் மேகம் இல்லாத நாட்களில், கட்டைவிரல் உயரத்துக்கு.

வந்த புதிதில் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க அவளுக்கு இருந்த ஒரே சாக்கு குப்பைதான். மாலையானால் மஞ்சள் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாட்டுக் கேட்டதும் எல்லா மாடிகளிலிருந்தும் சனம் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடும். வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. முதல் நாள் முர்னி மீந்த சோற்றையும் காய்த்தோலையும் ஒரே வாளியில் போட்டு நீட்ட, வண்டிக்குப் பின்னால் நின்றவர் கத்தினார். என்ன கத்துகிறார் என்று விளங்காமல் வாளியை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"வெந்தது பன்னிக்கு, வேகாதது எருவுக்கு. ரெண்டையும் கலந்து குடுத்தா எவன் வாங்குவான்? கொண்டா இப்படி!"

குரல் பின்னாலிருந்து வந்தது. பேசியது ஜாவா மொழி. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, கைபேசிக்கு வெளியே முர்னி காதால் கேட்காத மொழி. அவளுக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது.

"அடிப்பாவி, குப்பைக்கெல்லாமா அழுவாங்க?" என்று சிரித்துக்கொண்டே வாளியைப் பிடுங்கினாள் அந்தப் பெண். பெயர் தூகியெம். அவளும் கிழக்கு ஜாவாதான், பொனொரோகோ பக்கத்துக்காரி, எதிர்க் கட்டடத்தில் காவ் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறவள். குனிந்து கையாலேயே சோற்றை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் தள்ளிப் பிரித்தாள். வண்டி கிளம்புவதற்குள் முர்னியின் ஊர், பெயர், பிள்ளை எத்தனை, வீட்டுக்காரர்கள் எப்படி என்று அத்தனையும் கேட்டு முடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு, முர்னி வேலைபார்த்த ஹுவாங் வீட்டில் குப்பை சேராத நாளே இல்லை. பை பாதிதான் நிறைந்திருந்தாலும் முர்னி அதன் வாயைக் கட்டிவிடுவாள்.

அவள் வந்திருந்தது ஹுவாங் தாத்தாவுக்காக. வாழ்நாள் முழுக்க அந்த நகரத்தில் டாக்சி ஓட்டியவர். மூளையில் இரத்தம் கட்டியதில் வலப்பக்கம் விழுந்துபோயிற்று. பேச்சும் போய், "ம்" என்ற ஒன்றும் ஒன்றிரண்டு வசவும் மட்டும் மிஞ்சின. வீட்டில் அவரைத் தவிர மகள் லிச்சூ. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. காலையில் ஓட்டமாய்ப் போனால் இருட்டித் திரும்புவாள். லிச்சூ கெட்டவள் இல்லை, பயந்தவள். ஒரு தடவை அப்பாவுக்குத் தொண்டையில் சோற்றுருண்டை சிக்கி முகம் நீலம் பாரித்ததைப் பார்த்தவள். அன்றிலிருந்து வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும், எதை எவ்வளவு மசிக்க வேண்டும், யாரோடு பேசலாம், யாரோடு பேசக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டளை உண்டு.

வெயிலுக்கு அனுமதி வாங்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தது தூகியெம்தான். "எலும்புக்கு வெயில் வேணும்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லு. டாக்டர் சொல்லியிருக்க மாட்டார்னு எந்தப் பொண்ணும் சொல்ல மாட்டா." சொன்னபடியே ஆயிற்று. மதியத்துக்குமேல் ஒரு மணி நேரம், கட்டடத்தைச் சுற்றி மட்டும் என்று லிச்சூ ஒத்துக்கொண்டாள்.

கட்டடத்தைச் சுற்றி மட்டும் என்றது, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாயிற்று. மருந்துக்கடை வாசலில் தாத்தாவின் சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுப் பாதை இருந்தது. அங்கே நாற்காலியை நிறுத்தினால் உள்ளேயிருந்து குளிர்காற்று வீசும். அதற்கடுத்த சந்தில் பழக்காரி நட்சத்திரப் பழத்தின் ஓரங்களைச் சீவிப் போட்டுவிடாமல் எடுத்து வைத்திருந்து தருவாள். நூலகத்தின் கீழ்த்தளத்தில் மீன்தொட்டி ஒன்று. அதன் முன்னால் தாத்தாவும் அவளும் வாய்திறந்து உட்கார்ந்திருந்த மழைநாட்கள் பல. நகரம் பெரியதுதான். ஆனால் சக்கர நாற்காலி ஏறுகிற இடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தால், அது மெல்ல மெல்ல ஒரு கிராமத்தின் அளவுக்கு வந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே பூங்கா.

பூங்கா என்று பெயர்தான். நிலத்தைக் காக்கும் மண்சாமியின் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஆலமரம், ஒரு குட்டைச் சுவர், அதற்கு நேர் எதிரே பொதுக் கழிப்பறையின் பின்பக்கம். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் எழும்பி வெயிலை மறித்துவிட்ட அந்தப் பேட்டையில், உயரமே இல்லாத ஒரே கட்டடம் அந்தக் கழிப்பறை. அதனால் குளிர்காலத்து வெயில் பகல் சாயும்வரை அதன் தலைக்கு மேலாக வந்து சுவரோரம் விழும். பேட்டையின் சக்கர நாற்காலிகள் அத்தனையும் அங்கே வரிசையாக நிற்கும். கிழவர்களும் கிழவிகளும் கழிப்பறையைப் பார்த்தபடி வெயில் காய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் குட்டைச் சுவரில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். ஒருத்தி ஊரிலுள்ள மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருவாள். ஒருத்தி புருஷனோடு சண்டை போடுவாள். இன்னொருத்தி கைபேசியை உயர்த்திப் பிடித்து, "பாரு, இவர்தான் எங்க தாத்தா" என்று காட்டுவாள். தூகியெம், சோயாவைப் புளிக்க வைத்துப் பொரித்த தேம்பேயும், கோசும் கேரட்டும் போட்ட பக்வான் வடையும் கொண்டுவருவாள். பன்றிக்கொழுப்பு மணக்காத எண்ணெயில் பொரித்தது, அதுதான் அதில் விசேஷம்.

தாத்தாவின் இடம் காவ் பாட்டிக்கு அடுத்து. சந்தையில் வெங்காயத்தாள் விற்ற கிழவி. இடுப்பு போனாலும் வாய் போகவில்லை.

"ஏய் டாக்சி! இன்னிக்கு மீட்டர் ஓடுதா?"

"ம்."

"ஓடி என்ன, ஒத்த ஆளும் ஏற மாட்டேங்கறான். உன் மூஞ்சியப் பாத்தா நான்கூட நடந்தே போவேன்."

"ம்."

இதுதான் பேச்சு. தினமும் இதுதான். ஆனால் பூங்காவுக்குப் போகிற நாளில் தாத்தா சாயங்காலக் கஞ்சியைக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவதை முர்னி பார்த்திருந்தாள். லிச்சூவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் யாரோடு, எதற்கு என்று கேள்வி வரும். வேலைக்காரப் பெண்கள் ஒன்றுகூடினால் கெட்டுப்போவார்கள் என்று லிச்சூவின் அலுவலகத் தோழிகள் சொல்லியிருந்தார்கள்.

மூத்தோர் நாளுக்கு வார்டு தலைவர் பேட்டையின் முதியவர்கள் எல்லோருக்கும் பிளம் நிறத்தில் ஒரு கம்பளியும் ஒரு குல்லாவும் கொடுத்தார். தேர்தல் வருகிற வருஷம். கம்பளி நல்ல கனமாகவே இருந்தது. மறுநாளே வரிசை முழுக்க பிளம் நிறமாகிவிட்டது. குல்லா நெற்றிவரை, முகக்கவசம் கண்வரை. மழைக்கென்று வாங்கிய நீல மழைச்சட்டைகளும் மூலைக்கடை ஒன்றிலேயே வாங்கியவை.

"இனிமே நம்ம ஆளுங்கள இருமலை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்," என்றாள் விந்தார்த்தி. லோ தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே மழை பிடித்தது. வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல். பெண்கள் எழுந்து ஓடி, கைக்கு வந்த நாற்காலியை ஆலமரத்தடிக்கு இழுத்தார்கள். கைக்கு வந்த மழைச்சட்டையைக் கைக்கு வந்த தலையில் மாட்டினார்கள். லிச்சூ அன்று சீக்கிரம் வருவதாகச் சொல்லியிருந்தாள். முர்னி பின்பக்கமாகவே போய் நாற்காலியின் பிடியைப் பற்றி, தெருவெங்கும் தண்ணீர் தெறிக்க ஓட்டமாய் ஓடினாள். "இதோ வந்துட்டோம் தாத்தா, இதோ வீடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். தாத்தா ஒரு "ம்" கூடச் சொல்லவில்லை. கோபம் போலும் என்று நினைத்தாள்.

லிஃப்டுக்கு முன்னால் மழைச்சட்டையைக் கழற்றினாள். குல்லாவுக்கும் முகக்கவசத்துக்கும் நடுவிலிருந்து லோ தாத்தாவின் கண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன. காது கேட்காத மனிதர். வேகமாக ஒரு சவாரி போனதில் அவருக்குப் பரம சந்தோஷம்.

லிஃப்டின் கதவு திறந்தது. உள்ளே லிச்சூ நின்றிருந்தாள். வீட்டில் யாரும் இல்லையே என்று தேடிக் கீழே இறங்கியவள்.

"இது யாரு?"

முர்னி திரும்பி மழை பெய்யும் தெருவைப் பார்த்தாள்.

"எங்கப்பா எங்கே?"

மூவருமாக மழையில் திரும்பி ஓடினார்கள். லோ தாத்தாவுக்கு அந்தச் சவாரியும் பிடித்திருந்தது. பூங்காவில் மண்சாமி கோயிலின் தாழ்வாரத்தில் ஹுவாங் தாத்தா பத்திரமாக இருந்தார். ஒருபுறம் தூகியெம், மறுபுறம் காவ் பாட்டி, எதிரே கைகளைப் பிசைந்துகொண்டு விந்தார்த்தி. தாத்தாவின் இடக்கையில் பாதி கடித்த பக்வான். உதட்டில் எண்ணெய் மினுங்கியது. காவ் பாட்டி அவரைப் பார்த்து, "உன்னை ஒருத்தியும் கூட்டிட்டுப் போகல பாரு, லோவைத்தான் தூக்கிட்டுப் போனா. அழகன்னா அவன் அழகன்!" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

லிச்சூ அந்தப் பக்வானை மட்டும்தான் பார்த்தாள். அதைப் பிடுங்கி எறிந்து, விரலை விட்டு அப்பாவின் வாயைத் துழாவினாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் லிச்சூ பேசினாள். "மாத்தி எடுத்துட்டு வர்றதுக்கு எங்கப்பா என்ன குடையா?"

"தப்புதாங்கக்கா."

"கட்டடத்தைச் சுற்றின்னு சொன்னேன். நீ தினம் அங்கதான் போயிட்டிருந்தே, இல்லையா?"

"ஆமாங்கக்கா."

"எண்ணெய்ப் பலகாரம் குடுத்திருக்காங்க. சிக்கியிருந்தா? நான் யாரைக் கேட்பேன்? இனி அந்தப் பூங்காப் பக்கம் காலே வைக்கக்கூடாது. வெயில் வேணும்னா பால்கனி இருக்கு."

பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரமும் காயப்போட்ட துணிகளும் இருந்தன. வெயில் எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும். பூங்காவுக்குக் கிளம்புகிற நேரம் வந்ததும் தாத்தாவின் இடக்கை தானாகக் குல்லாவைத் தேடும். முர்னி குல்லாவை மாட்டிவிட்டு, நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளுவாள். கதவுப் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நாலைந்து நாள் கழித்துக் கை குல்லாவையும் தேடவில்லை. கஞ்சி பாதிக் கிண்ணத்தில் நின்றது. "ம்" என்பதும் நின்றது.

முர்னிக்கு மறுபடி குப்பை வண்டிதான் மிச்சம்.

"வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிடு," என்றாள் தூகியெம், பையை வண்டிக்குள் வீசிக்கொண்டே. "மூச்சு விடக்கூட விடாத வீட்ல என்னடி இருக்கு உனக்கு?"

"போகலாம்தான்."

"அப்புறம் என்ன?"

"வேற ஒருத்தி வருவா. அவருக்கு இருமல் வந்தா எந்தப் பக்கம் சாய்க்கணும்னு அவளுக்குத் தெரியுமா? தெரியறதுக்குள்ள அவர் போயிடுவார்க்கா."

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறந்து சொல்லு, அப்பாவுக்கு அந்த இடம் வேணும்னு."

"எனக்கு வேணும்கறதால சொல்றேன்னு நெனப்பாங்க." முர்னி காலி வாளியைப் பார்த்தபடி சொன்னாள். "அது பொய்யும் இல்லையே."

வண்டி பாட்டோடு அடுத்த தெருவுக்குள் திரும்பியது. தூகியெம் வாழையிலை மாதிரிப் பச்சைத் தாளில் சுற்றிய தேம்பேயை அவள் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுப் போனாள்.

அப்பா சாப்பிடாததை லிச்சூவும் கவனித்தாள். குளிர் என்றாள். சத்து மாத்திரை வாங்கி வந்தாள். புது வகைக் கஞ்சி வாங்கி வந்தாள். ஊட்டிப் பார்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை, பல நாள் தூறலுக்குப் பிறகு வானம் வெளுத்தபோது, அவளே குல்லாவை எடுத்து அப்பாவுக்கு மாட்டினாள். "ஆத்தங்கரைப் பூங்காவுக்குப் போறோம். நீயும் வா, பையைத் தூக்கிக்க," என்றாள் முர்னியிடம்.

ஆற்றங்கரைப் பூங்கா அழகானது. பூப்பாத்திகள், வாத்துகள், மிதிவண்டிப் பாதை, புல்வெளியில் பட்டம் விடும் குடும்பங்கள். லிச்சூ நாற்காலியை ஆற்றைப் பார்க்க நிறுத்தினாள். "அப்பா, பாருங்க வாத்து." தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். லிச்சூ இடத்தை மாற்றினாள். பூவுக்கு முன்னால் நிறுத்தினாள். கண் திறக்கவில்லை. அவள் அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கம்பளியைச் சரிசெய்வதுபோல வெகுநேரம் அதன் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள். முர்னி வாத்துகளைப் பார்த்தபடி நின்றாள். அந்த நேரத்தில் லிச்சூவின் முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

திரும்பி வரும்போது பெரிய சாலைச் சந்திப்பில் தாத்தாவின் இடக்கை கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஒரு விரலால் இடப்பக்கம் காட்டினார்.

"வீடு நேராப்பா."

விரல் இறங்கவில்லை. பச்சை விளக்கு விழுந்து பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். லிச்சூ இடப்பக்கம் திரும்பினாள். அடுத்த முனையில் விரல் நேராக நீண்டது. மருந்துக்கடை வந்ததும் வலப்பக்கம் மடங்கியது. முப்பது வருஷமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் சொன்ன பக்கமெல்லாம் வண்டியைத் திருப்பியவர். இப்போது அவர் சொல்ல, வண்டி திரும்பிற்று. பழக்காரியின் சந்தில் நுழையும்போது லிச்சூவுக்கு விளங்கிவிட்டது. நின்று திரும்பி முர்னியைப் பார்த்தாள்.

"நீ சொல்லிக்குடுத்தியா?"

"இல்லைங்கக்கா."

"பின்னே எப்படி?"

"அவருக்கு வழி தெரியும்க்கா. எனக்கும் அவர்தான் காட்டினார்." அது நிஜம். ஒரு நாள் நூலகத்திலிருந்து வரும்போது கோயில் ஊதுபத்திப் புகையைப் பார்த்துத் தாத்தா விரல் நீட்டியதால்தான் முர்னி அந்தச் சந்துக்குள்ளேயே நுழைந்தாள். அதை அவள் அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டதும் இல்லை யாரும்.

லிச்சூ நாற்காலியைத் தள்ளினாள்.

குட்டைச் சுவரோரம் வரிசை வழக்கம்போல நின்றது. அவர்களைக் கண்டதும் சுவரில் இருந்த பெண்களின் பேச்சு அறுந்தது. ஒருத்தி கைபேசியை முந்தானைபோலத் தோளில் தொங்கிய துண்டுக்குள் மறைத்தாள். தூகியெம் பலகார டப்பாவின் மூடியை அழுத்தினாள். வரிசையில் காவ் பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதில் பாட்டியின் கைத்தடி குறுக்கே கிடந்தது.

பாட்டி கைத்தடியைத் தூக்கினாள். "வந்துட்டான்யா டாக்சி! இத்தனை நாளா எங்கடா சுத்தினே? இடம் புடிச்சு வச்சு என் கை ஓஞ்சு போச்சு."

தாத்தாவின் வாய் கோணிற்று. தொண்டையில் ஏதோ உருண்டது. லிச்சூ பதறிக் குனிந்தாள், சிக்கிவிட்டதோ என்று. சிக்கியது சொல். அது மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, வெளியே வந்தது.

"சவாரி… கெடச்சுது." கட்டைவிரல் பின்னால் நின்ற மகளைக் காட்டியது. "தூரம்."

காவ் பாட்டி ஒரு கணம் திகைத்தாள். பிறகு இருமல் வரும்வரை சிரித்தாள். "காசு குடுத்தாளா? குடுத்திருக்க மாட்டா. சொந்தக்காரங்க ஏறினா அப்படித்தான்!"

லிச்சூ நாற்காலியின் பிடியைப் பிடித்தபடியே நின்றாள். வசவு அல்லாத ஒரு சொல்லை அப்பா சொல்லி அவள் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று முர்னிக்குத் தெரியாது. தான் வந்ததிலிருந்து கேட்டதில்லை என்பது தெரியும். லிச்சூவின் முகக்கவசம் கண்ணுக்குக் கீழே நனைந்திருந்தது.

"உக்காருங்கக்கா," என்றாள் தூகியெம், உடைந்த சீன மொழியில். சுவரைக் கையால் தட்டித் துடைத்துவிட்டாள். "நின்னுக்கிட்டே எவ்ளோ நேரம் இருப்பீங்க. அவரு இப்ப எந்திரிக்க மாட்டாரு."

லிச்சூ உட்கார்ந்தாள். அது முர்னி எப்போதும் உட்காரும் இடம். முர்னி பையோடு ஓரமாய்ப் போய் விந்தார்த்திக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். லிச்சூ எதிரிலிருந்த கழிப்பறையின் பின்சுவரைப் பார்த்தாள். அதன் மேலிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு முர்னியிடம் கேட்டாள்.

"இதுல என்ன இருக்கு? ஆத்தங்கரையில அவ்வளவு பூ இருந்துச்சே."

முர்னி யோசித்தாள். பதில் தெரியாததால் இல்லை. அந்த ஊரில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை என்பதால். "பூ நல்லாத்தாங்கக்கா இருந்துச்சு," என்றாள். "ஆனா அங்க யாரும் அவரைத் திட்டலையே."

லிச்சூ சிரிக்கவில்லை. ஆனால் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, ஒரு நீண்ட மூச்சு விட்டாள். "இங்க நீ என்ன பண்ணுவே?"

"நானா? அம்மாகூட பேசுவேன். இவங்க பேசறதக் கேப்பேன். ஒண்ணும் பண்ண மாட்டேங்கக்கா. அதுக்குத்தான் வருவேன்."

லிச்சூ தலையசைத்தாள், தன் அலுவலகத்தில் அப்படி ஓர் இடம் உண்டா என்று தேடுகிறவளைப் போல. கொஞ்ச நேரம் கழித்துத் தூகியெமின் டப்பாவைக் காட்டி, "அதை அவருக்குக் குடுக்காதீங்க. மசிச்சாலும் வேண்டாம்," என்றாள். "எனக்கு ஒண்ணு குடுங்க."

டப்பா மூடி திறந்தது. அதோடு சுவரில் பேச்சும் திறந்தது. ஒளித்த கைபேசி வெளியே வந்து, அறுந்த சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. லிச்சூ பக்வானைச் சின்னதாய்க் கடித்து, காரத்தில் உதட்டை ஊதிக்கொண்டாள். விந்தார்த்தி தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். "திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று லிச்சூ கேட்டபோது, முர்னி தூகியெமைத் திரும்பிப் பார்த்தாள். "சாப்பாடு முடிஞ்சதும்," என்று அவளுக்காகத் தூகியெம் சொன்னாள். "பிந்தினா இந்தக் கெழவி எங்க எல்லாரையும் வைவா."

கழிப்பறையின் நிழல் நீண்டு கிழவர்களின் பாதத்தைத் தொட்டது. அதைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே எழுந்தார்கள். பிரேக்குகள் ஒவ்வொன்றாய் விடுபட்டன. நிழல் வரவர வரிசையை வெயிலோடு நகர்த்துவது அங்கே வழக்கம். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. லிச்சூ கையில் எண்ணெயோடு திகைத்துப் பார்த்தாள்.

"தள்ளுங்கக்கா," என்றாள் முர்னி. "ரெண்டடி. அவ்வளவுதான்."

லிச்சூ கையைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, அப்பாவின் நாற்காலியைக் காவ் பாட்டியின் நாற்காலியோடு சேர்த்து, இடைவெளி விழாமல், வெயிலுக்குள் தள்ளினாள்.